பாரைக் காட்டுவதற்கு முன் கடதாசி

கொழும்பு முகத்துவாரத்தில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவதும் கூட்டக் குறிப்பு வைப்பதும் என் வேலை. அதனால் இந்த அலுவலும் என் தலையில் விழுந்தது. கொழும்புக் கடலில் உள்ள பார்களை, அதாவது மீன் சேரும் கடலடிப் பாறைத்திட்டுகளைப் பாதுகாக்கத் திட்டம் போடுகிறோம், நீங்கள் தொழில் செய்யும் இடங்களை வரைபடத்தில் குறித்துத் தாருங்கள் என்று ஒரு குழு வந்து கேட்டது. மரியாதையான பிள்ளைகள்தான். ஆனால் அந்தப் படம் யார் கையில் இருக்கும் என்று கேட்டபோது ஆளையாள் பார்த்தார்கள்.

கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றின் பின் ஒன்றாக நேர்பிடித்து, வேறொரு சோடியைக் குறுக்கே பிடித்தால் படகு பாருக்கு மேலே நிற்கும். தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுப்பது. இப்போது தொடர்மாடிகள் பாதி அடையாளங்களை மறைத்துவிட, அதெல்லாம் ஜிபிஎஸ் எண்களாகிவிட்டது. எண் என்றால் வட்சப்பில் ஒரு நொடியில் ஊர் சுற்றும். பிறகு, மீன்கூட்டத்தை அப்படியே வளைத்து அள்ளும் சுருக்குவலைக்காரருக்கு வழிகாட்டவே தேவையில்லை.

2022இல் மொன்றியலில் நாடுகள் ஒப்புக்கொண்ட உயிர்ப்பல்வகைமைத் திட்டத்தில் 2030க்குள் கடலில் 30 வீதத்தைக் காக்கும் இலக்கைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதே திட்டத்தின் 21ஆவது இலக்கு, உள்ளூர்ச் சமூகங்களின் பாரம்பரிய அறிவை அவர்களுடைய முன்சம்மதத்தோடுதான் எடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்தேன். பேச்சு அதற்குப் பிறகுதான் வழிக்கு வந்தது.

அடுத்த சிக்கல் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, அரச திணைக்களத்துக்குப் போன படத்தை எந்தப் பிரசையும் கேட்கலாம். இரகசியமாகத் தந்தது, தந்தவருக்குச் சம்மதமில்லை என்றால் மறுக்க 5ஆம் பிரிவில் இடமுண்டு. ஆனால் பொதுநலன் பெரிது என்று கண்டால் அதுவும் நிற்காது. இதை வாசித்துக் காட்டியதும், படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயா சிரித்தார். “தம்பி, குடுக்காத சாமானை ஆரும் பறிக்க ஏலாது.”

அதையே ஒப்பந்தத்தில் எழுதினோம். சரியான புள்ளிகள் சங்கத்திடமே இருக்கும். குழுவுக்குப் போவது இரண்டு கிலோமீட்டர்ச் சதுரங்கள் மட்டும், ஒவ்வொரு தாளிலும் “இரகசியமாகத் தரப்பட்டது” என்ற வரியோடு. சங்கம் விரும்பினால் திரும்பக் கேட்கலாம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இரண்டிலும் கையெழுத்து. மற்றப்படி வழக்கமான அலைச்சல்தான்.

படம் வரைந்த அன்று அவர்கள் ஆண்களை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். மீன் வெட்டும் அக்காமாரையும் கூட்டிக்கொண்டு போனேன். எந்த மீனுக்கு எந்த மாதம் சினை என்பது வயிற்றைக் கீறுகிறவருக்குத்தானே தெரியும்! ஒரு அக்கா விரல்விட்டு மாதங்களை எண்ண, குழுப் பிள்ளை எழுதி முடிக்கமுடியாமல் திணறியது.

பாதுகாப்புத் திட்டத்தின் முதல் வரைவில் ஒரு சதுரத்தை வருடம் முழுக்க மூடுவதாக இருந்தது. இப்போது சினைக்காலம் மட்டும் என்று இறங்கியிருக்கிறார்கள். எந்த மாதங்கள் என்பதில்தான் இழுபறி. மே முதல் செப்டெம்பர்வரை என்றால் எங்களுக்குப் பெரிய நட்டமில்லை, தென்மேற்குக் காற்றில் எப்படியும் பாதி நாள் படகு கரையில்தான். அக்காமார் சொல்லும் மாதங்களோ நல்ல தொழில் காலத்தில் வருகின்றன. அதைப் பற்றிப் பேச இந்த முறை சங்கத்துக்குள்ளேயே கூட்டம் வைத்திருக்கிறோம்.