பாலக், சீஸ், ஐ.என்.ஆர்.

மார்ச் 4

வெண்ணெய் வாங்கியாச்சு. உப்புப் போடாதது.

மார்ச் 5

பப்ஸுக்குக் கீரை பிழிவதைப் பற்றி மட்டும் எழுதப் போகிறேன். அக்காவின் இதய வால்வு ஆப்பரேஷனைப் பற்றி எழுத இன்று தெம்பில்லை.

பாலக்கீரையில் 100க்கு 91 பங்கு தண்ணீர். அரைக் கிலோ வாங்கினால் எந்தப் பாத்திரமும் கொள்ளாது, ஆனால் கொதிக்கிற தண்ணீரில் போட்ட ஒரு நிமிஷத்தில் அத்தனையும் சுருண்டு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசி, மெல்லிய துணியில் கட்டி முறுக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஓடி, சொட்டி, நிற்கும். முடிந்தது என்று தோன்றும். துணியைப் பிரித்து, கட்டியை விரலால் உதிர்த்து, திரும்பக் கட்டி முறுக்கினால் முதலில் வந்த அளவுக்குக் குறையாமல் இன்னொரு தடவை ஓடும். அதற்கப்புறம் பொடியாக நறுக்கிவிட்டு இன்னொரு முறை, ஏனென்றால் நறுக்கும்போது தண்டுக்குள் இருந்தது வெளியே வரும். கடைசியில் உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் கை ஈரமாகலாம், சொட்டு விழக்கூடாது. அதுதான் பதம்.

இதில் அவசரப்பட்டால் பப்ஸின் அடிமாவு வேகாது. மேலே பொன்னிறமாக உப்பியிருக்கும், அடியில் கொழகொழவென்று வெள்ளையாகக் கிடக்கும். அடி மொறுமொறுப்பாக இருந்தால்தான் அது பப்ஸ் என்பது அக்காவின் கட்சி. எனக்கும் அதே கட்சிதான்.

போன் வரவில்லை.

மார்ச் 6

அக்காவுக்கு மூச்சுக்காகப் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்களாம். பேசினாளாம். மாமா சொன்னார். தண்ணீர் கேட்டாளாம்.

மார்ச் 7

காலையிலிருந்து பப்ஸ் மாவு. கடையில் உறைய வைத்த மாவு கிடைக்கும், நன்றாகவும் இருக்கும், ஆனால் வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு நேரத்தை விழுங்குகிற வேலை வேண்டும்.

250 கிராம் மைதா, உப்பு ஒரு சிட்டிகை, ஐஸ் தண்ணீர் 130 மில்லி அளவுக்கு, 200 கிராம் வெண்ணெய். மாவை ரொம்பப் பிசையக்கூடாது, சேர்ந்து வந்தால் போதும். வெண்ணெயை இரண்டு காகிதத்துக்கு நடுவில் வைத்து பூரிக்கட்டையால் தட்டிச் சதுரமாக்கி, மாவுக்குள் வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து, மூன்றாக மடித்து, திருப்பி வைத்து, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம். திரும்ப எடுத்துத் தேய்த்து, மூன்றாக மடித்து. ஆறு மடிப்பு முடிந்தால் 3ஐ ஆறு முறை பெருக்கிய கணக்கில் 729 வெண்ணெய் அடுக்கு. எல்லாம் ஒரு விரல் கனத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்குப் பிரமிப்புத் தீராது.

வெண்ணெய்யும் மாவும் ஒரே மென்மையில் இருக்க வேண்டும், சூட்சுமம் அவ்வளவுதான். வெண்ணெய் ரொம்பக் குளிர்ந்திருந்தால் உள்ளே துண்டு துண்டாக உடையும், இளகிவிட்டால் மாவுக்குள் ஊறி அடுக்கே இல்லாமல் போகும். 15 டிகிரி ஒட்டி இருந்தால் விரலால் அமுக்கும்போது உடையாமல் வளைகிறது. சூடான ஓவனில் வைத்ததும் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்கும், ஈஸ்ட் இல்லை, சோடா இல்லை, வெறும் ஆவிதான். இங்கே தண்ணீர் வேண்டும், கீரையில் வேண்டாம். ஒரே பலகாரத்துக்குள் இரண்டும்.

மடிப்புகளுக்கு நடுவே ஒவ்வொரு அரை மணிக்கும் மாமாவுக்கு ஒரு குறுஞ்செய்தி. ஒன்றுக்குப் பதில் வந்தது: "தூங்குறா."

மார்ச் 8

ஐ.என்.ஆர். 1.4. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்.

மார்ச் 9

1.7. மெதுவாகத்தான் ஏறும் என்கிறார்கள். மாற்றியது மிட்ரல் வால்வு, இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் இருப்பது, என்பதால் 2.5க்கும் 3.5க்கும் நடுவில் வந்து நிற்க வேண்டுமாம். அதுவரை ஊசியும் மாத்திரையும் சேர்ந்தே.

மாவு ஃப்ரீசரில் இருக்கிறது. கீரையைத் தொடவில்லை.

மார்ச் 10

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

ரத்தம் கட்டாமல் இருக்க அக்காவுக்குக் கொடுக்கிற மாத்திரை வார்ஃபரின். அதைச் சாப்பிடுகிறவர்கள் கீரையே தொடக்கூடாது என்று ஒருத்தர் இன்று போனில் அடித்துச் சொன்னார். கேட்டதும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. பப்ஸுக்காக இல்லை, பப்ஸ் போனால் போகட்டும். ஆப்பரேஷனுக்கு உள்ளே போகும் முன் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, "வந்ததும் அந்தக் கீரை பப்ஸ் பண்ணித் தருவியாடா?" அதற்கு நான் தலையாட்டியிருக்கிறேன்.

ஆகவே உட்கார்ந்து படித்தேன். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் சிலவற்றைத் தயாரிக்கக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை உடம்பு திரும்பப் புதுப்பித்துக்கொள்ளும், வார்ஃபரின் அந்தப் புதுப்பிப்பைத் தடுக்கிறது. அதனால்தான் கீரை நிறைய உள்ளே போனால் மருந்தின் பிடி தளர்கிறது, ஐ.என்.ஆர். இறங்குகிறது. உலோக வால்வில் ரத்தம் கட்டினால் என்ன ஆகும் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

பச்சைப் பாலக்கில் 100 கிராமுக்கு 480 மைக்ரோகிராம் அளவுக்கு வைட்டமின் கே இருக்கிறது. பெரிய பெண் ஒருத்திக்கு ஒரு நாளைக்குப் போதும் என்று சொல்லும் அளவு 90. பிழிகிறேனே, அதோடு போய்விடாதா என்று கொஞ்ச நேரம் நம்பிக்கையாக இருந்தது. போகாது. வைட்டமின் கே கொழுப்பில் கரைவது, தண்ணீரில் கரையாது. வேகவைத்துப் பிழிந்தால் ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு பகுதி போகும், பல்லில் கரகரவென்று ஒட்டுமே, அதுதான். எது போனால் தேவலை என்று கிடக்கிறேனோ அது துணியைத் தாண்டாமல் உள்ளேயே இருக்கிறது.

ஆனால் "தொடவே கூடாது" என்று ஒழுங்கான மருத்துவக் குறிப்பு எதிலும் இல்லை. எல்லாவற்றிலும் ஒரே பேச்சு: அளவை மாற்றாதே. ஒரு வாரம் தட்டு நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்பதுதான் ஆபத்து. தினமும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் மாத்திரையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்கள். திடீரென்று நிறுத்துவதும் தப்பு, அப்போது எண் எகிறும்.

மணி மூன்றரை.

மார்ச் 11

இந்த மருந்தே ஒரு தழையிலிருந்து வந்தது என்பது தெரியாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறேன். 1920களில் வட அமெரிக்காவில் பூசணம் பிடித்த ஸ்வீட் க்ளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்பவருடைய ஆய்வகம் அந்தத் தீவனத்திலிருந்து காரணப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாக விற்று, 1954இல் மனிதர்களுக்கும் வந்தது.

ஒரு இலை ரத்தத்தை ஓடவிடுகிறது, இன்னொரு இலை நிறுத்துகிறது. அக்காவிடம் சொல்ல வேண்டும், அவளுக்கு இந்த மாதிரி விஷயம் பிடிக்கும்.

2.1

மார்ச் 12

அவளே கூப்பிட்டாள்! குரல் கரகரப்பாக, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்கிறதாம், ராத்திரி வார்டு அடங்கினால் நன்றாகவே கேட்கிறதாம். "பயமா இருக்காக்கா?" என்றேன். "இல்லடா, நின்னுட்டாத்தான் பயம்" என்றாள். அப்புறம் சாப்பாட்டைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பல். எல்லாமே உப்பில்லாமல், எல்லாமே ஒரே நிறத்தில். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாப்பாட்டைத் திட்டுகிறாள் என்றால் தேறிவிட்டாள்.

மாட்டுக் கதையைச் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது, வைத்துவிடச் சொன்னேன்.

மார்ச் 13

உப்பு.

கீரையைப் பற்றியே யோசித்ததில் சீஸ் பக்கம் போகவே இல்லை. ஃபெட்டாவை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் முதிர வைப்பார்கள், 100 கிராமில் ஏறக்குறைய 1 கிராம் சோடியம். இதயத்துக்கு வைத்தியம் பார்த்து வந்தவளுக்கு அது அதிகம். ஆனால் ஃபெட்டா இல்லாமல் இந்தப் பூரணத்துக்கு நாக்கில் ஒரு பிடிப்பே இருக்காது. செம்மறியாட்டுப் பால், அதில் 30 சதவீதம் வரை வெள்ளாட்டுப் பால் கலக்கலாம், கிரேக்கத்தில் செய்தால்தான் அந்தப் பெயரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கலாம் என்று 2002இல் விதி வந்தது. அந்தப் புளிப்பும் ஆட்டுப்பால் வாடையும்தான் கீரையைத் தூக்கி நிறுத்துவது.

செய்தது: ஃபெட்டாவைக் கனமான துண்டுகளாக வெட்டி வெறும் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றினேன். காலையில் தின்று பார்த்தால் உப்பு நன்றாகவே இறங்கியிருக்கிறது, புளிப்பு அப்படியே இருக்கிறது. அதில் ஒரு பங்கு, ரிக்கோட்டா என்கிற மென்மையான சீஸ் இரண்டு பங்கு. ரிக்கோட்டாவையும் துணியில் தொங்கவிட்டு வடிக்க வேண்டும், அதுவும் தண்ணீர்தான். தனி உப்பு கிடையாது. ஜாதிக்காயை இரண்டு உரசல், வெங்காயத்தாள் வதக்கியது, மிளகு, எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம். இந்தத் துருவல் விழுந்ததும் உப்பு குறைவென்று நாக்குக்குத் தெரியவே இல்லை.

மார்ச் 14

2.6. உள்ளே வந்துவிட்டது.

மார்ச் 15

3.9. மேலே போய்விட்டது. இன்றைய மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். மாமா சாதாரணமாகத்தான் சொல்கிறார், ஆரம்பத்தில் இப்படி ஏறி இறங்குவது வழக்கம் என்று டாக்டர் சொன்னாராம். சரி.

சமையலறைப் பக்கம் போகவில்லை.

மார்ச் 17

3.2.

உணவு ஆலோசகரிடம் பேச மாமா ஏற்பாடு செய்தார். பத்து நிமிஷம்தான், பொறுமையான அம்மா. நான் கீரை என்று ஆரம்பித்ததுமே அவர் கேட்டது, "எவ்வளவு? கிராமில் சொல்ல முடியுமா?"

என்னால் முடிந்தது! அரைக் கிலோ பச்சைக் கீரை, அதில் 16 பப்ஸ், ஆக ஒன்றுக்கு 31 கிராம் பச்சைக் கீரை, 150 மைக்ரோகிராமுக்குப் பக்கத்தில் வைட்டமின் கே. கொஞ்சம் நிறுத்தி, "அப்படித் தெரிந்தால் நல்லதுதானே" என்றார். பொரியல், மசியல் என்றால் ஒருநாள் ஒரு கரண்டி, ஒருநாள் மூன்று கரண்டி, யாரும் அளப்பதில்லை, அதுதான் தலைவலி என்றார். எண் நிலையான பிறகு, டாக்டரிடம் சொல்லிவிட்டு, எந்தெந்த நாளில் எத்தனை என்று முடிவு செய்து அதையே மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம், தொடங்கிய வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை கூடுதலாக. வெண்ணெய் இருப்பதால் தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் பார்க்கலாம். மற்ற நாளில் அதே அளவுக்குக் கீரையை வேறு விதமாக, அதையும் எடை போட்டு.

எடைத் தராசை வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

ஒரு மாவுப் பொட்டலத்துக்குள் மூடிவிட்ட கீரை கூடவும் முடியாது, குறையவும் முடியாது என்பது இத்தனை வருஷம் இதைச் செய்தும் எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 18

பூரணத்தை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து உருட்டினேன். முட்டையை உள்ளே சேர்த்துப் பிசைந்தால் கீரையும் சீஸும் பிரியாமல் நிற்கும், ஒவ்வொரு உருண்டையிலும் ஒரே அளவு கீரை இருக்க அதுவும் வேண்டியிருக்கிறது, நன்றாகக் கலக்காவிட்டால் ஒன்றில் சீஸ் கட்டி, இன்னொன்றில் கீரைக் கட்டி.

பூரணம் ஆறி, ஃப்ரிட்ஜில் இறுகிய பிறகுதான் மாவில் வைக்கலாம். சூடாக வைத்தால் வெண்ணெய் அங்கேயே உருகி அடுக்கெல்லாம் ஒட்டிவிடும். மாவைக் கூரான கத்தியால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும், இழுத்து அறுத்தால் ஓரம் நசுங்கி மேலே எழும்பாது. முட்டை பூசும்போதும் வெட்டிய ஓரத்தில் வழியவிடக்கூடாது, பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு சின்னக் கீறல், ஆவி போக.

வெறும் தட்டில் வைக்காமல், ஓவனோடு சேர்த்துச் சூடேற்றிய தட்டில் காகிதத்தோடு நகர்த்தி வைத்தேன். 210 டிகிரி. பொன்னிறம் வந்ததும் எடுக்கத் தோன்றும், எடுக்கவில்லை, அடர்ந்த பழுப்பு வரும்வரை விட்டேன். ஒன்றைத் திருப்பி விரலால் தட்டினேன், டொக் டொக் என்று காய்ந்த சத்தம். நடுவில் பிட்டால் அடுக்கு தனித்தனியாகத் தெரிகிறது, அடிமாவும் தூக்கியிருக்கிறது, கீரையைச் சுற்றி ஈரமே இல்லை.

நின்றபடியே இரண்டு சாப்பிட்டேன். ரொம்ப நன்றாக இருந்தது.

மார்ச் 19

3.0

மார்ச் 20

3.0 மறுபடியும்!! சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு. மாமாவின் குரலே வேறாக இருந்தது. இரண்டு பேரும் போனில் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தோம்.

ஃபிலோவில் செய்யலாமா என்று ஒரு யோசனை. கிரேக்கர்கள் ஸ்பானகோபிட்டா என்கிற கீரை-சீஸ் பலகாரத்துக்குத் தாள் போன்ற அந்த மாவைத்தான் எடுக்கிறார்கள், தாளுக்குத் தாள் ஆலிவ் எண்ணெய் பூசி. வெண்ணெய் குறையும். ஆனால் அவள் கேட்டது பப்ஸ்.

மார்ச் 21

கேட்டதும் தர முடியாது, முதலில் எண் நிலைக்கட்டும், டாக்டர் சரி சொல்லட்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "எத்தனை நாள்டா?" என்றாள். சொல்லத் தெரியவில்லை. "பண்ணி ஃப்ரீசர்ல வச்சிடு, ஓடிப் போயிடாது" என்றாள். சுடாமல் உறைய வைத்தால் உறைந்தபடியே ஓவனில் வைக்கலாம், சில நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

நாளைக்கு 16. ஒவ்வொன்றையும் தனியாக உறைய வைத்து, பிறகு பையில் போட்டு, தேதியும் கீரை எடையும் எழுதி ஒட்ட வேண்டும். வெண்ணெய் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஃபெட்டாவை இப்போதே தண்ணீரில் போட்டுவிடுகிறேன். கீரை காலையில் வாங்கினால் போதும்.