பச்சைப் புள்ளி

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கோல்ஃபை விட்டுவிட்ட என் சித்தப்பா, தம்முடைய பிங் நிறுவனத்து அயர்ன் செட்டை, அதாவது இரும்புத் தலை வைத்த மட்டைகளை, பையோடு எனக்குத் தந்துவிட்டார். அவர் 6 அடி 1 அங்குலம். நான் 5 அடி 4 அங்குலம். ஒவ்வொரு கிளப்பின், அதாவது மட்டையின், தலையிலும் பச்சை நிறத்தில் சிறு புள்ளி ஒன்று இருந்தது. அது அழகுக்காக வைத்தது என்றே 4 ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

அந்த 4 ஆண்டுகளும், வலக்கை ஆட்டக்காரனான நான் அயர்னால் அடித்த பந்து இலக்குக்கு இடப்பக்கமாகவே போயிற்று. பயிற்சியாளர் மணிக்கட்டைக் குறை சொன்னார், பிறகு தோளை, கடைசியில் என் அவசர புத்தியை. அவருக்கும் விளங்காத ஒன்று இருந்தது: தனியாக வாங்கிய, நெடுந்தூரம் அடிக்கும் டிரைவரில் நேராக அடிக்கிறவன், செட்டிலுள்ள குறுந்தூரக் கிளப்பான பிட்ச்சிங் வெட்ஜை எடுத்தால் மட்டும் ஏன் குழியைச் சுற்றிய புல்தரையான கிரீனுக்கு இடப்புறம் மணலில் போய் விழுகிறான்?

விடை கிடைத்தது, ஆளுக்கேற்ற கிளப்பை அளவெடுத்துச் சொல்லும் ஒரு ஃபிட்டரிடம். ஃபிட்டர் என்றால் நமக்கு ஐ.டி.ஐ. முடித்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர்தான் நினைவுக்கு வருவார். கையில் மார்க்கர் பேனாவும் மேசையில் கோணமானியுமாக இருந்த இவரும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார். ஷூவைக் கழற்றவிடாமல் என் உயரத்தையும், மணிக்கட்டிலிருந்து தரை வரையுள்ள தூரத்தையும் அளந்தார். பிறகு பந்தின் மீது செங்குத்தாக ஒரு கறுப்புக் கோடு போட்டு, அந்தக் கோடு கிளப்பைப் பார்க்கும்படி பந்தை வைத்து, 7 அயர்னால் அடிக்கச் சொன்னார். கிளப்பின் முகத்தில் பதிந்த கோடு நேராக நிற்கவில்லை. அதன் மேல்முனை, தலையின் நுனியான டோ பக்கமாகச் சாய்ந்திருந்தது. மறுபடியும் அடித்தேன், மறுபடியும் அதே சாய்வு. கிளப்பின் டோ தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, தண்டோடு சேரும் பக்கமான ஹீல் மட்டுமே தரையைத் தொடுகிறது என்பது அதன் பொருள். எனக்கு வேண்டியதைவிட லை கோணம், அதாவது தண்டு தரையோடு உண்டாக்கும் கோணம், 3 டிகிரி கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்.

3 டிகிரிக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். கிளப்பின் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், டோ தூக்கினால் அந்தச் சாய்வு இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. லாஃப்ட் எனப்படும் இந்த மேல்நோக்கிய சாய்வு கூடக் கூட இந்தத் திருப்பமும் கூடும். 45 டிகிரி லாஃப்ட் உள்ள வெட்ஜில் லை 3 டிகிரி தவறினால் முகமும் ஏறக்குறைய 3 டிகிரி திரும்பும். அது 100 கெஜத்தில் சுமார் 5 கெஜம் விலகல். 7 அயர்னில் சுமார் 2 டிகிரி திரும்பும். 10 டிகிரி லாஃப்ட் மட்டுமே உள்ள டிரைவரிலோ அரை டிகிரிதான். பயிற்சியாளரின் புதிருக்கு விடை என் புத்தியில் இல்லை, கோணக் கணக்கில் இருந்தது.

பச்சைப் புள்ளியின் கதையும் அன்றுதான் தெரிந்தது. நார்வேயில் பிறந்து, அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1959-இல் அவர் தம் வீட்டுக் கராஜில் செய்த, குழியை நோக்கிப் பந்தை உருட்டும் புட்டர், பந்தைத் தட்டும்போது எழுந்த ஓசையே பிங் என்னும் பெயராயிற்று. அந்த நிறுவனம் லை கோணத்தை வண்ணப் புள்ளியால் குறிக்கிறது: கறுப்பு பொது அளவு, சிவப்பு அதைவிடச் சற்றுப் படுத்தது, நீலமும் பச்சையும் நிமிர்ந்தவை. ஆக, நான் வைத்திருந்ததும் அளவெடுத்துச் செய்த கிளப்தான். அளவு மட்டும் சித்தப்பாவுடையது.

ஷாஃப்ட் என்னும் தண்டின் விறைப்பையும் கைப்பிடியான கிரிப்பின் பருமனையும் சோதித்தோம். அவற்றில் எனக்குப் பெரிய கோளாறு இல்லை. என் ஸ்விங் வேகத்துக்கு ரெகுலர் ஷாஃப்டே போதும் என்றபோது சற்று மனம் சுருங்கியது உண்மை. அதைவிட விறைப்பான ஸ்டிஃப் என்று சொல்லிக்கொள்வதில் ஆண்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது. பழைய செட்டை வளைத்துத் தர முடியுமா என்றும் கேட்டேன். வார்ப்பு எஃகுத் தலைகளை அவ்வளவு தூரம் வளைத்தால் கழுத்தில் விரிசல் விடலாம் என்று அவர் தயங்கினார். புதிய செட் வாங்கினேன், சிவப்புப் புள்ளி.

அளவு சரியானதும் ஆட்டம் திருந்திவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் என் பந்து வலப்பக்கம் போயிற்று. கிளப் பொய் சொன்ன காலமெல்லாம் அதை ஈடுகட்ட, என்னை அறியாமலே இலக்குக்கு வலப்புறம் பார்த்து நிற்கப் பழகியிருந்தேன். பயிற்சியாளர் கண்ணில் படாத அதைக் கண்டுபிடித்தவர், பை தூக்கி வந்த கேடி அண்ணன். ஒன்பதாவது ஃபேர்வேயில் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “சார், கிளப் புதுசுதான், கால் இன்னும் பழைய செட்டுக்குத்தான் நிக்குது” என்றார்.