கிளினிக்குக்காக எழுதிய கொப்பி

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஆரம்பப்பிரிவில் படிப்பிக்கிறேன். போன வருசம் என் தரம் 3 வகுப்பில் ஒரு பையன். கொப்பியில் திகதி எழுதுவான், பென்சில் தீட்ட எழும்புவான், அதோடு பாடம் முடிந்துவிடும். வகுப்பில் எல்லோரும் அவனுக்கு வைத்திருந்த பெயர் ‘குழப்படி’.

முதலில் கண்ணையும் காதையும் பார்க்கவேண்டும். பாடசாலை வைத்தியப் பரிசோதனை தரம் 1க்குப் பிறகு தரம் 4இல்தான். அதுவரை பொறுக்காமல் வைத்தியசாலையில் காட்டும்படி தாயிடம் சொன்னேன். இரண்டும் சரி. இரவில் போன் பார்ப்பதைக் குறைத்து நேரத்துக்குப் படுக்கவைத்தார்கள். வகுப்பில் பெரிய மாற்றமில்லை.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவு என்றதும் தாய் அழுதுவிட்டார். “என்ட புள்ளைக்கு விசரா டீச்சர்?” தகப்பன் கட்டாரில், போனில் அவரும் வேண்டாம் என்றார். கடைசியில் அம்மம்மாதான், “காய்ச்சலெண்டா காட்டமாட்டியா புள்ள?” என்று கேட்டு அனுப்பிவைத்தார்.

வைத்தியர் உடனே பெயர் எதுவும் வைக்கவில்லை. ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல், ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிக்கும் நிலை) என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் தெரியவேண்டுமாம். ஆகவே வகுப்பில் நடப்பதை எழுதித் தரச் சொன்னார். எந்தப் பாடத்தில் எழும்புகிறான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் குறித்தேன். வைத்தியருக்காக எழுதியது எனக்குத்தான் அதிகம் உதவியது. வாயால் கேட்கும் கணக்குக்கு அவன் எழும்புவதே குறைவு. இடைவேளைக்குப் பிறகு கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதுதான் எல்லாக் கூத்தும்.

அப்புறம் அந்த நேரத்தை மாற்றினேன். பத்து வரியை மூன்று மூன்றாகப் பிரித்தேன்; மூன்று எழுதியதும் என் மேசைக்குக் கொண்டுவந்து காட்டவேண்டும். எழும்பத்தானே ஆசை, எழும்பட்டும். கொப்பி பகிரும் வேலையும் அவனுக்கே. முன்வாங்கில் இருத்தியது தனியே எதுவும் செய்யவில்லை. ஜன்னல் பக்கமிருந்து நகர்த்தியது கொஞ்சம் உதவியது. பாராட்டை உடனே சொல்லவேண்டும், பின்னேரம் சொன்னால் அவனுக்கு எதற்கென்றே ஞாபகமிருக்காது.

ஏ.டி.எச்.டி. என்று பிறகு உறுதியானது. இப்போதைக்கு மருந்து இல்லை; வீட்டில் எப்படி நடத்துவது என்று தாய்க்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இப்போது தரம் 4. கொப்பியைப் புது வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டேன். தாய் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூசனுக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார். பள்ளி விட்டு வந்த பிள்ளையை மறுபடி வாங்கில் இருத்த எனக்கு விருப்பமில்லை. அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடமும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.