ஏழு மணிக்கும் இருட்டு

"இன்னும் விடியவே இல்லியேம்மா, எதுக்கு எழுப்புன?"

இன்னிக்கு காலைல 7:10, டொராண்டோல எங்க ஸ்கூல் பஸ் ஸ்டாப்புல தெருவிளக்கு கூட அணையல. கோடை நேரம்னு சொல்லி ஞாயித்துக்கிழமை விடிகாலை 2 மணிய 3 ஆக்கி கடிகாரத்த முன்னாடி தள்ளிட்டாங்க, ஒரு மணி நேர தூக்கம் போச்சு, பாப்பா என் கைய புடிச்சு நின்னுக்கிட்டே கண்ண மூடிட்டா, பஸ் லைட் பட்டதும் அவ பையில ஒட்டுன ஸ்டிக்கர் மட்டும் பளிச்சுனு மின்னுச்சு.

மனசே ஆறல.

இப்படி கடிகாரத்த மாத்துறத நிறுத்த எங்க மாகாணம் ஒன்டாரியோ 2020லயே சட்டம் போட்டாச்சு, பக்கத்துல இருக்குற கியூபெக்கும் நியூயார்க்கும் கூட வந்தாத்தான் அமலாகும். ஆனா அது கேக்குறது வருஷம் பூரா கோடை நேரம். அப்படின்னா டிசம்பர் கடைசில விடியறதுக்கே கிட்டத்தட்ட 9 மணி ஆயிடும்!

கடிகாரத்த மாத்துறத நிறுத்துங்க, ஆனா முன்னாடி தள்ளாத குளிர்கால நேரத்துல நிறுத்துங்க. இந்தப் புள்ளைங்க வெளிச்சத்துல பஸ் ஏறட்டும்.