ஏப்ரல் 14, பகல் 12.09: வன்னிப் பிள்ளைகளும் வெளிநாட்டு மச்சான் மச்சாள்மாரும்

லண்டனிலோ ரொறன்ரோவிலோ பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிக்கிற சொந்தக்காரர் எங்கள் பக்கம் கேட்கும் முதற்கேள்வி: "எங்கட பிள்ளைகளும் உங்கட பிள்ளைகளும் சேர்ந்து படிக்கலாமோ?" உடனே கிழமைக்கு ஒரு சூம் தமிழ் வகுப்பு தொடங்கும், சில கிழமைகளில் தேய்ந்துவிடும். காரணம் எளிது. ஒரு பக்கம் கற்பிக்கும், மறுபக்கம் கேட்டுக்கொண்டிருக்கும். அதைவிடக் கேடு, கிளிநொச்சிப் பிள்ளை உதவி பெறுகிற பிள்ளையாக இருத்தப்படுவது. வன்னியில் இருந்து வரும் அளவு இல்லாவிட்டால் முடியவே முடியாத ஒரு வேலையைக் கொடுங்கள். அப்போது பிள்ளைகள் தாமாகவே ஒருவரையொருவர் தேடுவார்கள்.

சட்டத்தை முதலில் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். எனவே எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விட்டு மிச்ச நேரத்தில்தான் இதில் சேரலாம். இங்கிலாந்தில் வீட்டுக்கல்விக்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இடமுண்டு. பிரான்சில் 2022 முதல் முன் அனுமதி வேண்டும். ஜேர்மனியில் பாடசாலைக்குப் போவதே கட்டாயம், அங்குள்ள மச்சாள்மார் சனி ஞாயிறில் மட்டும் வரட்டும்.

நேரத்தை வன்னிக் கடிகாரத்தில் பூட்டுங்கள். இங்கே மணிக்கூடு ஆண்டு முழுதும் மாறாது, வெளிநாட்டில் மாறும். சனிக்கிழமை பின்னேரம் 5.30 என்றால் குளிர்காலத்தில் லண்டனில் பகல் 12, ரொறன்ரோவில் காலை 7. கோடையில் 1 மணியும் 8 மணியும். கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறிலேயே மாற்றிவிடும், இங்கிலாந்து மார்ச் கடைசி ஞாயிறுவரை பொறுக்கும். இடைப்பட்ட அந்தக் கிழமைகளில்தான் ஒரு வீடு வந்து காத்திருக்க மற்ற வீடு வராமல் போகும். மெல்பேர்னை இதே நேரத்துக்குள் இழுக்காதீர்கள், அங்கே இரவு 10 அல்லது 11 ஆகிவிடும். அவர்களுக்கு வன்னியின் காலை 9 மணி பொருந்தும். ஞாயிறு காலை அறநெறி வகுப்பு இருக்கும், சனி என்றால் ரியூசன் இல்லாத மணியைப் பாருங்கள். சூம் இலவசக் கணக்கில் குழு அழைப்பு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

இனி வேலைக்கு வருவோம்: நிழலை அளந்து பூமியின் சுற்றளவைக் கணிப்பது. ஏப்ரல் 14, சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி, கிளிநொச்சியில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நேரம் 12 மணி அல்ல, 12.09. எங்கள் நியம நேரம் 82.5 பாகை கிழக்கு நெட்டாங்குக்கு உரியது, கிளிநொச்சியோ 80.4 பாகையில் இருக்கிறது, அதனால் சூரியன் சற்றுப் பிந்தி உச்சிக்கு வரும். வவுனியா தெற்கே இருப்பதால் அங்கே இது ஓரிரு நாள் முந்தி நிகழும். ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன் எரத்தோஸ்தனிஸ் எகிப்தின் சயீன் நகரத்தை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணித்தார். அங்கே உச்சிவெயில் கிணற்றின் அடியைத் தொட்டதாகச் சொல்வார்கள். ஏப்ரல் 14 அன்று வன்னியே சயீன். ஆனால் பிள்ளைகளைக் கிணற்றுக்குள் எட்டிப்பார்க்க விடாதீர்கள், கட்டில்லாத கிணறு பலவுண்டு. ஒரு மீற்றர் பிவிசி பைப்பை நிமிர்த்தி நட்டால் அதன் அடியில் வெளிச்சம் விழும், அது போதும்.

எல்லா வீட்டுக்கும் ஒரே கருவி: தரைக்கு மேலே சரியாக 1 மீற்றர் நிற்கும் நேரான தடி. நூலில் கல்லைக் கட்டித் தூக்குக்குண்டாக்கி இரண்டு பக்கத்திலிருந்தும் சரிபாருங்கள். தடி ஒரு பாகை சரிந்தாலே வன்னியில் 1.7 சதமமீற்றர் (ச.மீ.) பொய் நிழல் விழும். நிழலே இருக்கக்கூடாத இடத்தில் அது பெரிய பிழை. உச்சிக்கு 15 நிமிடம் முன்தொடங்கி 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்து, மிகக் குட்டையானதை எடுங்கள்.

லண்டனில் அன்று சூரியன் உச்சிக்கு வரும் நேரம் பகல் 1.01. எங்கள் கணக்கில் 5.31. வழமையான அழைப்பு நேரத்திலேயே அவர்கள் அளப்பதை வன்னிப் பிள்ளைகள் நேரடியாகப் பார்க்கலாம்! அங்கே நிழல் ஏறத்தாழ 90 ச.மீ., ரொறன்ரோவில் 68, மெல்பேர்னில் 108. மெல்பேர்ன் நிழல் மட்டும் தெற்கே விழும். ஏன் என்று சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகளே சண்டை பிடித்துக் கண்டுபிடிக்கட்டும். லண்டன் நிழலின் நுனி ஒன்றிரண்டு ச.மீ. அகலத்துக்கு மங்கலாகத் தெரியும். சூரியன் புள்ளியல்ல, தட்டு. மங்கலின் நடுவைக் குறிக்க வேண்டும்.

திரிகோணகணிதம் படிக்காதவர்கள் தடிக்கு 10 ச.மீ., நிழலுக்கு 9 ச.மீ. என்று செங்கோண முக்கோணி வரைந்து, தடியின் உச்சியில் உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் 42 பாகை கிடைக்கும். கிளிநொச்சியில் நிழல் இல்லாததால், பூமியின் 360 பாகை வட்டத்தில் இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட பங்கும் இதுவே. கிளிநொச்சியின் அகலாங்குக்கும் லண்டனின் அகலாங்குக்கும் இடைப்பட்ட வடக்குத் தெற்குத் தூரத்தைப் பூகோள உருண்டையில் நூல் வைத்து எடுங்கள், சுமார் 4,680 கி.மீ. வரும். அதை 360ஆல் பெருக்கி 42ஆல் வகுத்தால் பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். விமானப் பாதைத் தூரத்தைப் போட்டால் விடை இரு மடங்கை நெருங்கும். பெரும்பாலான பிள்ளைகள் விடும் பிழை இதுதான். லண்டனில் முகில் மூடினால் மறுநாள் அளவைக் கலக்கக் கூடாது, சூரியன் நாளுக்கு 0.36 பாகை நகர்கிறது. முன்னும் பின்னும் இரண்டு நாள் இரு பக்கமும் அளந்து வைத்து, இருவருக்கும் வெயில் கிடைத்த நாளை எடுங்கள்.

மொழி இந்த வேலைக்குள்ளேயே வரட்டும். வன்னிப் பிள்ளை செய்முறையை இரண்டு நிமிடத் தமிழ்க் குரற்பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்ப, அங்குள்ள பிள்ளை ஆங்கிலத்தில் பதில் அனுப்பலாம். சிக்னல் குறைந்த ஊர்களில் வீடியோவைவிட இதுதான் நிலைக்கும். ஒரு பதிவில் மூன்று பிழைக்கு மேல் திருத்த வேண்டாம், வாய் மூடிவிடும். சோடி சேர்க்கும்போது வயதைப் பார்க்காதீர்கள். கனடாவில் 12 வயதுப் பிள்ளை மூன்றாம் தரத் தமிழ்தான் வாசிக்கக்கூடும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசம், அவற்றையே இரு பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தைக் கலந்தால் இங்கே அகலாங்கு, அங்கே அட்சரேகை. இங்கே இரசாயனவியல், அங்கே வேதியியல். பெரியவர்களே தடுமாறுவார்கள்.

அடுத்த வேலை ஒக்டோபரில், மாரி தொடங்கமுன்: மழையை அளக்கும் மழைமானி. ஒன்றரை லீற்றர் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்குங்கள். அடியில் கல்லிட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு அதைப் பூச்சியமாகக் குறியுங்கள். மரத்திலிருந்து அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைத்து, தினமும் காலை 8.30க்கு வாசித்துவிட்டு பழைய மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வன்னி வரண்ட வலயம்தான். ஆனால் ஆண்டு முடிவில் கூட்டிப் பார்க்கும்போது, மழை ஊர் என்று பெயர் எடுத்த லண்டனைவிட ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீர் எங்கள் போத்தலில் விழுந்திருக்கும்.