இரண்டு வரி இடம்

"அந்தம்மா இன்னா சொன்னாங்க சார்?"

டிடிபி ஆபரேட்டர் கேட்டது இவ்வளவுதான். 2018 ஜூலை, இதழ் அச்சுக்குப் போகிற ராத்திரி. அணைக்கட்டுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண். டிபன் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு பக்கம் கட்டிக்கொண்டிருந்தாள்.

இறந்துபோன அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹார்லன் எல்லிசனுக்கு நான் எழுதிய அஞ்சலி பக்கத்தை விட்டுப் பிதுங்கியது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே, வங்காளி எழுத்துப் பலகைகளுக்குக் கீழே, பிளாட்பாரத்தில் பழைய புத்தகமாக எனக்குக் கிடைத்தவர் அவர். ஆசிரியர் குறைக்கச் சொன்னார், நான் ஒரு பாராவை எடுத்தேன். இப்படித்தான் பல வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பொய்யில்லை. ஆனால் அவர் சொன்னது, "ஏழு வரி குறைங்க." எந்த ஏழு என்று அவர் சொல்லவில்லை.

எடுத்த பாரா, அறிவியல் புனைகதைக்குத் தரும் ஹ்யூகோ விருதின் 2006 விழாவைப் பற்றியது. அத்தனை பேர் பார்க்க, மேடையிலேயே கானி வில்லிஸ் என்ற பெண் எழுத்தாளரின் மார்பில் கை வைத்தார் எல்லிசன். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

எதை விட்டுவைத்தேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. புத்தகக் கடைக் கண்ணாடி ஜன்னலில், போவோர் வருவோர் பார்க்க உட்கார்ந்து டைப்ரைட்டரில் கதை தட்டியது இருந்தது. தன் திரைக்கதையைச் சிதைத்துவிட்டார்கள் என்றால் சொந்தப் பெயரை எடுத்துவிட்டு 'கார்ட்வைனர் பேர்டு' என்று போடச் சொன்னது இருந்தது. 1967இல் 33 கதைகளோடு பெரிய தொகுப்பு கொண்டுவந்தவர், மூன்றாவது தொகுதிக்கென்று மற்றவர்களிடம் கதை வாங்கி, சாகும்வரை வெளியிடாமல் வைத்திருந்ததுகூட இருந்தது. முன்கோபம், பிடிவாதம், வாக்குத் தவறியது, எல்லாம் ஒரு மேதைக்குப் பொருத்தமாகத்தான் தெரிந்தன. பொருந்தாத ஒன்றை மட்டும் உருவிவிட்டேன்.

செத்த வீட்டில் போய் இதைப் பேசுவார்களா? பேசமாட்டார்கள். எங்கள் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் பெயரை முதன்முதலாகக் கேட்பதே அன்றுதான். இந்த நியாயம் இன்னமும் சரியென்றே படுகிறது. அந்தப் பாராவைத் தன் கையால் டைப் செய்தவள் மட்டும் வாசகி இல்லையா என்பதற்குத்தான் என்னிடம் பதிலில்லை.

"தெரியலம்மா" என்றேன். உண்மையிலேயே தெரியாது. அவர் செய்தது, மன்னிப்புக் கேட்டது, மற்றவர்கள் கொதித்தது என்று தேடித் தேடிப் படித்தவன், அந்த அம்மா என்ன சொன்னார் என்று தேடவேயில்லை. பாராவை எடுக்காமல் விட்டிருந்தாலும் அவள் கேள்விக்கு அதில் பதில் இருந்திருக்காது.

அவள் அழித்தாள். அந்தப் பாரா ஒன்பது வரி.

"ரெண்டு வரி எடம் மிச்சம்கீது சார். போட்டோவைப் பெருசு பண்ணிடட்டா?"

"பண்ணும்மா."