மின்விசிறியும் மாமாங்கமும்

நேற்றுக் காலை இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே, கூடத்து மின்விசிறியை நான் மாமாங்கத்துக்கு ஒருமுறைதான் துடைக்கிறேன் என்று என் மனைவி சொன்னாள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொற்களைத் தராசில் நிறுக்கும் என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே. மாமாங்கம் என்பது கும்பகோணத்து மகாமகம் பேச்சுவழக்கில் தேய்ந்து வந்த சொல், அது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது, இந்த வீட்டுக்கு நாம் குடிவந்தே ஒன்பது ஆண்டுகள்தான் ஆகின்றன, ஆகவே துடைக்க வேண்டிய முறையே இன்னும் வரவில்லை என்று விளக்கினேன். அப்படியானால் இதுவரை ஒருமுறைகூடத் துடைக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள் என்றாள். சட்னிக் கிண்ணம் என் கைக்கு எட்டாத தொலைவுக்கு நகர்ந்தது.

துணைக்கு அத்தையைத் தொலைபேசியில் அழைத்தது அடுத்த பிழை. அவர் மகாமகக் குளத்தருகே பிறந்து வளர்ந்தவர். 1992, 2004, 2016 ஆகிய மூன்றிலும் முழுகியவர். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எப்போது கல்யாணம், யார் யாரோடு பேச்சை நிறுத்தினார் என்பதையெல்லாம் எந்த மாமாங்கத்துக்கு முன், எந்த மாமாங்கத்துக்குப் பின் என்றே கணக்கு வைத்திருப்பவர். குரு சிம்மத்தில் நிற்கையில் வரும் மாசி மகமே மகாமகம் என்றும், ராசிகளைச் சுற்றிவர குருவுக்கு முழுதாகப் 12 ஆண்டு பிடிப்பதில்லை என்பதால் சில முறை 11 ஆண்டிலேயே அது வந்துவிடும் என்றும் அவர் சொன்னார். கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். வியாழனின் சுற்று 11.86 ஆண்டு என்றிருந்தது. "குரு உன்னைப்போலச் சோம்பேறி இல்லையடா" என்று அத்தை முடித்ததும், அடுக்களையிலிருந்து எழுந்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

"அது கிடக்கட்டும், நீ இந்தப் பக்கம் வந்து மாமாங்கம் ஆகிறதே" என்றார் பிறகு, குரலைத் தணித்து.

நான் போய்வந்தது தை மாதம். ஆறு மாதம்கூட நிறையவில்லை, அதாவது மாமாங்கத்தில் 24-இல் ஒரு பங்குகூட இல்லை. கணக்கு நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமாம் அத்தை" என்றேன்.

"மாசி மகம் ஆண்டுதோறும் வருகிறது. அதற்காவது வா" என்றார்.

நான் தொலைபேசியை வைத்தபோது, மின்விசிறிக்கு நேர் கீழே முக்காலி போடப்பட்டிருந்தது. அதன் மேல் ஈரத்துணி.